குயிக் ஹிட்ச் வாங்கும் முன் அளவு டேப்பை எடுங்கள்

45 ஹெச்பி டிராக்டர் ஒன்று. ரோட்டாவேட்டர், ஒன்பது கொழு கல்டிவேட்டர், சட்டிக் கலப்பை, பின்னால் மாட்டும் லெவலர் பிளேடு என்று நான்கு கருவிகள். மாட்டிக் கழற்ற ஆள் துணை கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் போகிறது, கூடவே இடுப்பும் போகிறது. குயிக் ஹிட்ச், அதாவது கருவிகளைச் சட்டென்று கோர்க்க டிராக்டரின் பின்னால் மாட்டும் கொக்கிச் சட்டம், அதைப் போட்டால் சீட்டை விட்டு இறங்காமலே மாட்டிவிடலாம் என்கிறார்களே, நம்பலாமா, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி நம்பலாம். ரோட்டாவேட்டர் மாதிரி பிடிஓ ஷாஃப்டில் (டிராக்டர் எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு) ஓடும் எந்தக் கருவிக்கும் நீங்கள் இறங்கித்தான் ஆகவேண்டும். ஷாஃப்டைக் கையால்தான் மாட்டவேண்டும், ஹைட்ராலிக் ஹோஸ் இருந்தால் அதையும்தான். இறங்காமல் மாட்டுவது என்பது கல்டிவேட்டர், பிளேடு போல சும்மா இழுபடும் கருவிகளுக்கு மட்டும் பொருந்தும். ஆனால் அந்தப் பாதியே பெரிய லாபம். நான் பல வருஷமாக ஒன்றை வைத்திருக்கிறேன், இனி அது இல்லாமல் வேலை செய்யப் பிடிக்காது. இருந்தும் உங்களிடம் உடனே வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். குயிக் ஹிட்ச் ஒழுங்காக வேலை செய்யுமா என்பது ஹிட்ச்சைப் பொறுத்ததைவிட உங்கள் நான்கு கருவிகளைப் பொறுத்தது. அவை நான்கும் ஒரே அளவில் இருக்கின்றனவா? அதைப் பார்க்காமல் வாங்கி, கொட்டகை ஓரத்தில் துருப்பிடிக்க விட்டவர்கள் நிறையப் பேர்.

முதலில், இப்போது ஏன் இவ்வளவு சிரமம் என்று பார்ப்போம். டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கைகள், அவை கீழ் லிங்க்; மேலே ஒன்று, அது டாப் லிங்க். இந்த மூன்று முனைகளில்தான் கருவி மாட்டுகிறது. கருவியில் உள்ள 'பின்' என்கிற இரும்பு முளைகள், கீழ் லிங்க் நுனிகளில் இருக்கும் ஓட்டை போட்ட உருண்டைகளுக்குள் போகவேண்டும். கீழ் லிங்க் இரண்டும் மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். ஆனால் நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் கூட நகராது. ஆகவே டிராக்டர் கருவிக்கு நேர் இணையாக நிற்கவேண்டும். கொஞ்சம் கோணலாக நின்றாலும் இடது பின் உருண்டைக்குள் போய்விடும், வலது பின் இரண்டு விரற்கடை தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும். 400 கிலோ ரோட்டாவேட்டரைக் கடப்பாரையால் நெம்புவது, ஏறிப்போய் கிளட்ச்சை ஒரு மயிரிழை விட்டுவிட்டு மறுபடி இறங்கி வந்து பார்ப்பது, இதில்தான் அந்த அரை மணி நேரம் கரைகிறது. பின் மாட்டும் வேலைக்கு மூன்று நிமிஷம் கூட ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்று முனை இணைப்பே ஒரு காலத்தில் 'சட்டென்று மாட்டும்' புதுமையாகத்தான் வந்தது. அதற்கு முன் கருவிகள் பெரும்பாலும் டிராக்டருக்குப் பின்னால் தனியாக இழுபட்டுக்கொண்டு வரும். அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன், கருவியையும் டிராக்டரையும் ஒரே உடம்பாகச் சேர்க்கும் இணைப்பையும் கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்கையும் உருவாக்கினார். 1938-ல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கி உடன்பாடு செய்துகொண்டார், 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு அது பரவலாகப் போனது. அன்றைய கருவிகள் இலகுவானவை, ஒரு ஆள் கையால் தள்ளி நேர்ப்படுத்திவிடலாம். கருவிகள் கனத்த பிறகுதான் நமக்கு இந்த இடுப்புவலி.

சரி, குயிக் ஹிட்ச் என்ன செய்கிறது? 'ப' எழுத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கனமான சட்டம். அதை டிராக்டரின் மூன்று முனைகளிலும் நிரந்தரமாக மாட்டிவிடுகிறோம். சட்டத்தின் பின்பக்கம் மேலே ஒன்று, கீழே இரண்டு என மேல்நோக்கி வாய் திறந்த மூன்று கொக்கிகள். பின்னால் வந்து, கருவியின் பின்களுக்குக் கீழே கொக்கிகளைக் கொண்டுபோய், ஹைட்ராலிக்கைத் தூக்கினால் மேல் கொக்கி முதலில் டாப் பின்னைப் பிடிக்கும். இன்னும் தூக்கினால் கருவி தன் பாரத்தாலேயே ஊசலாடி வந்து கீழ்க் கொக்கிகளில் உட்காரும். தாழ் விழும், அவ்வளவுதான். பின்னை ஓட்டைக்குள் குறிபார்த்து நுழைக்கும் வேலை போய், கொக்கியின் அகலமான வாய்க்குள் விழவைக்கும் வேலையாக மாறிவிடுகிறது. கொஞ்சம் கோணலாக வந்தாலும் பாரம் அதைச் சரிசெய்துவிடும்.

இதற்காக டாப் லிங்க்கை ஒரு சுற்று, இரண்டு சுற்று நீட்டி, சட்டத்தின் தலை லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேல் கொக்கி முந்திக்கொள்ளும். சட்டம் செங்குத்தாகவோ முன்னால் சாய்ந்தோ இருந்தால் கீழ்க் கொக்கிகள் முதலில் முட்டி, கருவியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். புதிதாக வாங்கியவர்கள் முதல் நாள் புலம்புவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

இந்தச் சட்டம் தவிர வேறு வகைகளும் உண்டு. முக்கோணச் சட்டம் ஒன்று இருக்கிறது. டிராக்டரில் ஒரு முக்கோணம், கருவியில் அதற்குப் பொருந்தும் இன்னொரு முக்கோணம், ஒன்றுக்குள் ஒன்று போய் ஒரே தாழில் பூட்டும். மாட்டும் வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஒவ்வொரு கருவியிலும் முக்கோணத்தை வெல்டிங் செய்யவேண்டும். அடுத்தது கொக்கி முனை. கீழ் லிங்க் நுனியில் உருண்டைக்குப் பதிலாகக் கொக்கி இருக்கும், உருண்டைகள் கருவியின் பின்களிலேயே தங்கிவிடும். பெரிய டிராக்டர்களில் கம்பெனியிலிருந்தே இப்படி வரும். இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. இரண்டு கொக்கியும் தனித்தனி லிங்க்கில் இருப்பதால் கருவிகளின் அகலம் ஒன்றுபோல் இல்லாவிட்டாலும் பிடித்துக்கொள்ளும், கருவியும் பின்னால் தள்ளிப்போகாது. ஆனால் உங்கள் லிங்க்கின் நுனியை அறுத்துவிட்டுப் பட்டறையில் கொக்கியை வெல்டிங் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அடித்து உருவாக்கிய உறுதியான இரும்பு, சூடு பட்ட இடம் பலம் இழந்துவிடும், முழுப் பாரமும் அந்த நுனியில்தான் தொங்கும். மாற்றுவதானால் முழு லிங்க்கையும் மாற்றவேண்டும்.

உங்கள் அளவு டிராக்டருக்கு எளிதில் கிடைப்பது கவிழ்த்த 'ப' வகைதான், அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போங்கள். மூன்று முனை இணைப்புக்கு உலகம் முழுக்க ஒரே தர அளவு உண்டு, கேட்டகிரி என்பார்கள். கேட்டகிரி 1-ல் கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் பின் 19 மி.மீ., இரண்டு கீழ்ப் பின்களின் தோள்களுக்கு, அதாவது பின் கருவியோடு சேரும் தடித்த அடிப்பகுதிகளுக்கு, இடையே 683 மி.மீ. கேட்டகிரி 2-ல் கீழ்ப் பின் 28, டாப் பின் 25, இடைவெளி 825. சுமார் 20-லிருந்து 45 ஹெச்பி வரை முதல் வகை, 40-லிருந்து 100 வரை இரண்டாவது வகை என்று பொதுவாகச் சொல்வார்கள். கவனித்தீர்களா, நீங்கள் இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறீர்கள். உங்கள் டிராக்டர் கேட்டகிரி 2 ஆகவும், பழைய கல்டிவேட்டர் கேட்டகிரி 1 ஆகவும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதுவரை ஒரு குறைப்புப் புஷ்ஷை (ஓட்டையைச் சின்னதாக்கும் இரும்புக் குழல்) செருகி, லிங்க்கை உள்ளே தள்ளி மாட்டியிருப்பீர்கள், வித்தியாசமே தெரிந்திருக்காது. சட்டத்தில் அந்த விட்டுக்கொடுத்தல் நடக்காது. அதன் இரண்டு கீழ்க் கொக்கிகளும் ஒரே இடைவெளியில் வெல்டிங் செய்யப்பட்டவை.

ஒவ்வொரு கருவியிலும் மூன்று அளவு எடுத்துச் சுவரில் எழுதுங்கள். கீழ்ப் பின்களுக்கு இடையிலான அகலம், பின்களின் தடிமன், கீழ்ப் பின் மையத்திலிருந்து டாப் பின் மையம் வரை செங்குத்து உயரம். பெரும்பாலும் காலை வாரிவிடுவது இந்த மூன்றாவது அளவுதான். இந்தச் சட்டங்கள் வழக்கமாக 15 அங்குல உயரத்தை, அதாவது 381 மி.மீ.-ஐ மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. பல கருவிகளில் டாப் பின் 18 அங்குலத்தில் இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேலே. மேல் கொக்கியை ஏற்றி இறக்கும் வசதி உள்ள சட்டமாக வாங்கினால் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் கொக்கியைக் கழற்றி வேறு ஓட்டையில் போடுவதானால், குயிக் ஹிட்ச்சில் 'குயிக்' எங்கே இருக்கிறது? கொக்கியை ஒரு உயரத்தில் நிறுத்திவிட்டு, கருவிகளின் டாப் லிங்க் தகட்டில் அந்த உயரத்துக்குப் புது ஓட்டை போடுவதுதான் சரி. தகடு போதிய அகலமாக இல்லாவிட்டால் கூடுதல் தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். நல்ல வெல்டர் ஒருவர் ஒரே நாளில் நான்கையும் முடித்துவிடுவார்.

அளக்கும்போதே இன்னும் இரண்டை எட்டிப் பாருங்கள். மேல் கொக்கி கீழிருந்து வரும், ஆகவே டாப் பின்னுக்கு நேர் கீழே போல்ட்டோ குறுக்குத் தகடோ இருக்கக்கூடாது, இரு பக்கத் தகடுகளுக்கு இடையே கொக்கி தாராளமாக நுழையவும் வேண்டும். அதேபோல கீழ்ப் பின்னுக்கு அருகில் கருவியின் சட்டம் துருத்திக்கொண்டு இருந்தால் ஹிட்ச்சின் கால் அதில் முட்டும். இதெல்லாம் படத்தில் தெரியாது. அட்டையில் கொக்கியின் வடிவத்தை வெட்டி வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அளவு ஒத்துப்போனாலும் வெறும் பின்னைக் கொக்கியில் போடக்கூடாது. கொக்கியின் வாய் பின்னைவிடப் பெரியது. கேட்டகிரி 1 சட்டத்தில் கீழ்க் கொக்கி சுமார் 36 மி.மீ. தடிமன் வரை எதிர்பார்க்கும், உங்கள் பின்னோ 22. நடுவில் உள்ள இடத்தை நிரப்ப இரும்புப் புஷ் உண்டு, கீழே இரண்டு, மேலே ஒன்று. புஷ் இல்லாமலும் மாட்டும், ஓடும், அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின் கொக்கிக்குள் சுத்தியல் மாதிரி அடிக்கும், ஒரு பருவத்திலேயே பின் தேய்ந்து பள்ளம் விழும், தாழ் மேல் பாரம் ஏறும். நான்கு கருவிக்கும் நான்கு செட் வாங்கி, பின்னில் மாட்டி, அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரே செட்டைக் கருவிக்குக் கருவி மாற்றிக்கொண்டிருப்பது பழைய கதைக்கே திரும்புவதுதான்.

உங்கள் நான்கில் தகராறு பண்ணப்போவது எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், சட்டிக் கலப்பை. பல சட்டிக் கலப்பைகளில் கீழ்ப் பின் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. வெட்டும் அகலத்தை மாற்றுவதற்காக, இரு நுனியும் எதிரெதிர்ப் பக்கம் வளைந்த குறுக்குத் தண்டில் அவை இருக்கும். லிங்க்கின் உருண்டை சுழலும் என்பதால் அந்தக் கோணலை அது ஏற்றுக்கொள்ளும். கொக்கி சுழலாது, நேர்க்கோட்டைத்தான் கேட்கும். அப்படிப்பட்ட கலப்பையைச் சட்டத்தில் திணிக்காதீர்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் அதை எடுப்பீர்கள் என்றால், அந்த நாளில் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது பாரக் கணக்கு. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. சட்டம் கருவியை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல், பின்னால் தள்ளிவிடுகிறது. சட்டமே 35-லிருந்து 45 கிலோ இருக்கும். பத்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ரோட்டாவேட்டர் 420 கிலோ, அதன் பார மையம் பின் அச்சிலிருந்து 1.4 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். 420-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 588. சட்டம் போட்டபின் 1.5 மீட்டர், பெருக்கினால் 630, சட்டத்தின் சொந்தப் பாரத்தையும் இதேபோல் பெருக்கினால் இன்னொரு 38, மொத்தம் 668. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர் என்றால், கருவியைத் தூக்கும்போது முன் சக்கரங்களிலிருந்து விலகும் பாரம் 294 கிலோவிலிருந்து 334 கிலோ ஆகிறது. நாற்பது கிலோ கூடுதல். சமநிலத்தில் ஒன்றும் தெரியாது. வரப்பு ஏறும்போது ஸ்டியரிங் லேசாகிப்போவது அப்போதுதான் தெரியும். டிராக்டரின் வெறும் எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. முன் பம்பரில் எடைக்கட்டி இரண்டு சேர்த்தால் இது தீர்ந்துவிடும். ஹைட்ராலிக் தூக்கும் திறனும் இதேபோல் கொஞ்சம் குறையும். கையேட்டில் எழுதியிருக்கும் திறன் லிங்க் நுனியில் அளந்ததா, நுனியிலிருந்து 610 மி.மீ. பின்னால் அளந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இப்போதே உங்கள் டிராக்டர் முக்கிக்கொண்டுதான் தூக்குகிறது என்றால் சட்டம் வேண்டாம்.

அந்த 10 சென்டிமீட்டர் பிடிஓ ஷாஃப்டிலும் வந்து நிற்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஹிட்ச் வந்த புதிதில் ரோட்டாவேட்டரைப் பழைய ஷாஃப்டோடு மாட்டினேன். மாட்டியது, சுற்றியது, நானும் உழுதுகொண்டே போனேன். ஒரு பள்ளத்தில் இறக்கியபோது ஷாஃப்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று மூன்று விரல் அளவுதான் மிச்சமிருந்திருக்கிறது. உள்குழாய் வளைந்துபோய், உதறிய உதறலில் மேலுறை துண்டு துண்டாகப் பறந்தது. நான் சீட்டில் இருந்ததால் தப்பித்தேன். 540 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. பக்கத்தில் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆகவே சட்டம் மாட்டியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு ஷாஃப்டை அளங்கள். கருவியை மேலே, நடுவில், கீழே என மூன்று நிலையில் வைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் மிகக் குறுகுவது பெரும்பாலும் அது நேர்மட்டமாக இருக்கும் நிலையில். அங்கே குழாய் அடிமுட்டாமல் இரண்டு விரற்கடையாவது இடம் இருக்கவேண்டும். மிக நீளும் நிலையில் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கவேண்டும். குறைவாக இருந்தால் நீளமான குழாய் செட் போடுங்கள், ஒட்டுப்போட்டு நீட்டாதீர்கள். இன்னொரு பக்கம், ஷாஃப்டைச் சட்டத்துக்கு ஏற்ப நீட்டிய பிறகு, ஒருநாள் சட்டத்தைக் கழற்றிவிட்டு அதே ரோட்டாவேட்டரை நேராக மாட்டினால் ஷாஃப்ட் அடிமுட்டி பிடிஓ பேரிங்கையே தள்ளிவிடும். அதனால்தான் சொல்கிறேன், ஒன்று, ரோட்டாவேட்டரை எப்போதும் சட்டத்தோடு மாட்டுங்கள், இல்லையென்றால் எப்போதும் சட்டமே இல்லாமல் மாட்டுங்கள்.

டாப் லிங்க்கைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சட்டம் போட்டபின் அதைத் தொடவே வேண்டாம் என்பார்கள். மாட்டுவதற்குத் தொடவேண்டாம், உழுவதற்குத் தொடவேண்டி வரலாம். கல்டிவேட்டர் நிற்கவேண்டிய சாய்வும் ரோட்டாவேட்டர் நிற்கவேண்டிய சாய்வும் ஒன்றல்ல. ஒவ்வொரு கருவிக்கும் சரியான நீளம் கிடைத்ததும் டாப் லிங்க்கின் மரையில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று பெயிண்டால் ஒரு கோடு போட்டு, அதே நிறத்தைக் கருவியிலும் அடித்துவிடுங்கள். ஓட்டத் தெரிந்த யார் வந்தாலும் கேட்காமலே வைத்துவிடுவார்கள்.

இனி அன்றாட வேலை. கருவியை எடுக்கும் வேகம் அதை எப்படி இறக்கி வைத்தீர்கள் என்பதில் இருக்கிறது. ஈர மண்ணில் இறக்கினால் ஒரு பக்கம் அமிழ்ந்து சாய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கொக்கிக்கும் அது பிடிபடாது. கெட்டியான தரையில், ஒரே உயரமுள்ள மரக்கட்டைகள் மேல், கீழ்ப் பின்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும்படி நான்கையும் வரிசையாக வையுங்கள். முன்னால் டிராக்டர் நேராகப் பின்னால் வர ஒரு டிராக்டர் நீளமாவது இடம் விடுங்கள். கொட்டகை மூலையில் செருகிவைத்த கருவியைக் கோணலாகத்தான் எடுக்கமுடியும். ரோட்டாவேட்டருக்கு நிறுத்துகால் இருந்தால் இறக்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், டாப் பின் முன்னால் கவிழ்ந்திருந்தால் மேல் கொக்கி அதைத் தேடிக்கொண்டிருக்கும். பிடிஓ ஷாஃப்டைத் தரையில் போடாமல் கருவியிலேயே சங்கிலி கட்டித் தொங்கவிடுங்கள். மாட்டப் பின்னால் வரும்போது சக்கரம் ஏறி நசுங்கிய ஷாஃப்டை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

மாட்டும்போது கவனம் கீழ்க் கொக்கிகளில் இருக்கட்டும். டாப் கொக்கி சீட்டிலிருந்தே தெரியும், கீழே இருப்பது தெரியாது. மாட்டியதும் ஒரு சாண் மட்டும் தூக்கி, இறங்கிப் போய் இரண்டு தாழும் முழுசாக விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இறங்காமல் மாட்டலாம் என்ற விளம்பரத்துக்கு இது விரோதம்தான், பரவாயில்லை. ஒருமுறை வலது கொக்கிக்குள் காய்ந்த மண் அடைத்திருந்ததால் தாழ் பாதியில் நின்றுவிட்டது, எனக்குத் தெரியாது. வயல் ஓரத்தில் திரும்பும்போது கல்டிவேட்டரின் ஒரு பக்கம் கழன்று, மறு பக்கத்தில் தொங்கிக்கொண்டு, டயரை உரசியபடி வந்தது. அன்றிலிருந்து ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் டூல்பாக்ஸில் இதற்கென்றே கிடக்கிறது. கொக்கியின் மண்ணைச் சுரண்டி, தாழின் ஸ்பிரிங்குக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். கிரீஸ் அப்பாதீர்கள், மண்ணை அழைத்து வந்து ஒட்டிவைக்கும்.

நேரம் மிச்சமாவதைவிட முக்கியமான லாபம் இன்னொன்று. சட்டம் இல்லாதபோது பல இடங்களில் என்ன நடக்கிறது? ஒருவர் ஓட்ட, பையனோ வேலைக்கு வந்தவரோ டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் நின்றுகொண்டு 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்கிறார். கிளட்ச்சில் இருக்கும் கால் வழுக்கினால் அவருக்கு ஒதுங்க இடமே கிடையாது. சட்டம் போட்டபின் அந்த இடைவெளியில் ஆள் நிற்கவேண்டிய அவசியமே இல்லை. இனியும் யாரையும் அங்கே நிற்கவிடாதீர்கள். தாழ் விழவில்லை என்று தெரிந்தால் முதலில் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் பின்னால் போங்கள். சக்கரத்தின் பக்கம் நின்றபடி கையை நீட்டி ஹைட்ராலிக் லீவரைத் தட்டும் பழக்கம் பலருக்கு உண்டு, அதையும் விட்டுவிடவேண்டும்.

டிரெய்லர் இழுப்பீர்கள் என்றால் சட்டம் அதோடு ஒத்துப்போகாது. கீழே தொங்கும் கால்கள் திருப்பத்தில் டிரெய்லரின் இழுகம்பியில் முட்டும். தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்றாலும், ஹைட்ராலிக் மெல்ல இறங்கினால் வம்பு. கழற்றிவிடுவதே மேல். சட்டத்தை நிற்க வைக்க மரத்தில் ஒரு தாங்கி செய்துவைத்தால் மூன்று பின்னை உருவிவிட்டு முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விடலாம், திரும்ப மாட்டுவதும் சுலபம். தினமும் டிரெய்லர், தினமும் கருவி என்று மாறி மாறி ஓடும் டிராக்டருக்கு மட்டும் குயிக் ஹிட்ச் அவ்வளவாக உதவாது.

வாங்காமலே சமாளிக்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. இடது லிங்க்கை முதலில் மாட்டுங்கள், அதற்கு ஏற்றி இறக்கும் திருகு பெரும்பாலும் இருக்காது. அடுத்து வலது. வலப்பக்கத் தூக்குகம்பியில் உள்ள லெவலிங் திருகை ஏற்றி இறக்கி உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். டாப் லிங்க் கடைசியில், அதையும் மரையைச் சுற்றி நீட்டிக் குறுக்கிக்கொள்ளலாம். மாட்டத் தொடங்கும் முன் செக் செயினை (கீழ் லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் சங்கிலி) தளர்த்திவிடுங்கள், பலர் இதை மறந்துவிட்டுத்தான் லிங்க்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். மாட்டி முடித்ததும் மறுபடி முறுக்கிவிடவேண்டும். கழற்றும்போது ஷாஃப்ட், டாப் லிங்க், வலது, இடது என்ற வரிசை. நீண்டு குறுகும் நுனி உள்ள கீழ் லிங்க்குகளும் கிடைக்கின்றன. தாழைத் திறந்து நுனியை வெளியே இழுத்துப் பின்னில் மாட்டிவிட்டு, டிராக்டரைக் கொஞ்சம் பின்னால் விட்டால் தானே உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். நீளவாக்கில் நகராது என்று சொன்னேனே, அந்த ஒரு குறையை மட்டும் தீர்ப்பது இது. கருவியில் எதையும் வெட்டி ஒட்டவேண்டாம், பாரமும் பின்னால் போகாது. அகலம் ஒத்துவராத கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யக்கூடியது இது. கல்டிவேட்டர், ரோட்டாவேட்டர், பிளேடு மூன்றையும் அளப்பேன். மூன்றின் அகலமும் ஒன்றாக இருந்து, டாப் பின் உயரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றால் சட்டம் வாங்குவேன், முன்னால் எடை போடுவேன், சட்டிக் கலப்பையைக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அகலமே இரண்டு வகையாக இருந்தால், பின்களை இடம் மாற்ற அந்தக் கருவியில் வேறு ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். பல கல்டிவேட்டர்களில் இரண்டு வரிசை ஓட்டை இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அதுவும் இல்லையென்றால் நீளும் லிங்க்கோடு நிறுத்திக்கொள்வேன். எதை வாங்கினாலும் கடைக்குப் போகும்போது சுவரில் எழுதிய அளவுகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள், முடிந்தால் ஒரு கீழ்ப் பின்னையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். புஷ்ஷை அதிலேயே மாட்டிப் பார்த்து வாங்கலாம்.